பாலம் வரைக்கும்

மார்ச் 5, ஞாயிறு

இன்று இவரால் ஒரு சைக்கிள்காரன் புல்லில் விழுந்தான்.

பழைய ரயில் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து மணி அடித்துக்கொண்டுதான் வந்தான் அந்தப் பையன். நான் ஓரமாக ஒதுங்கிவிட்டேன். இவர் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன் பேர்வழி என்று நடுவில் போய் நின்றார். அதுவும் போன கண்ணின் பக்கமாகத் திரும்பி. பையன் வண்டியை ஒடித்து, சேற்றோடு எழுந்து, "சாரி அங்கிள்" என்று அவனே மன்னிப்புக் கேட்டான். வீட்டுக்கு வரும்வரை இவர் பாட்டு ஒன்றுதான்: "அவனுக்கு ஓட்டத் தெரியல." பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷன். உலகத்தில் வேறு எவனுக்கும் ஓட்டத் தெரியாது என்பது இவர் கட்சி.

இவருக்கு இடது கண் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வலது கண்ணில், காகிதத்தைச் சுருட்டி அதன் வழியாகப் பார்ப்பதுபோல, நடுவில் கொஞ்சம் தெரிகிறது என்கிறார். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகு மிஞ்சிய பாதை என்பதால் இங்கே மேடு இல்லை, திடீர்த் திருப்பம் இல்லை, கார் குறுக்கே வராது. கண் சரியில்லாதவரை இதைவிட நல்ல இடத்துக்கு எங்கே கூட்டிப்போவேன்? இங்கேயே இப்படி.

மார்ச் 9, வியாழன்

கண் மருத்துவமனை. டாக்டர் சின்னப் பெண்தான், ஆனால் நிதானமாகப் பேசினாள். சொட்டு மருந்துக்குக் கண் அழுத்தம் அடங்கவில்லையாம். ஆப்பரேஷன் செய்தால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். போனது திரும்பாது. தள்ளிப்போட்டால் மிச்சமும் போகும், எப்போது என்று சொல்ல முடியாது.

இவர் "யோசிச்சு சொல்றேன்" என்றார். சோபா வாங்க வந்தவர் மாதிரி.

பஸ்ஸில் திரும்பும்போது, "சாமிநாதன் ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டுத்தான் குருடானான்" என்றார். இவரோடு டிப்போவில் இருந்தவர். "அவருக்கு சக்கர வியாதி. மருந்தே போடாம சுத்துனாரு" என்றேன். "நீ டாக்டரா?" என்றார். முன் ஸீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச் 12, ஞாயிறு

தர்ஷிணி பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். அப்பாவைச் சம்மதிக்க வைக்கத்தான். அழுதாள். இவர் அவளுக்கு மீன் தலையை எடுத்துப் போட்டு, "அழுதா கறி உப்பாயிடும்" என்றார்.

பேச்சை மாற்றத்தான் அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டும். கண் தெரியாதவர்களைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுகிறார்களே, இரண்டு பேர் மிதிக்கிற நீளமான சைக்கிள், அது ரயில் பாதையில் போவதைப் பார்த்தாளாம். "நீங்களும் போகலாம்ப்பா."

"முன்னால யாரு? உங்கம்மாவா?" சிரித்தார், இருமல் வரும்வரை. "உங்கம்மா என்னைப் பின்னால வச்சு அந்தப் பாதையில இருக்குற இரும்புப் பாலம் வரைக்கும் மிதிச்சுக் காட்டட்டும். மறுநாளே போய் அந்த ஆப்பரேஷன் மேசையில படுத்துக்கிறேன்."

"சத்தியமா?" என்றேன்.

"சத்தியமா."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதுவரை நான் சைக்கிள் தொட்டதில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தைரியம்தான்.

மார்ச் 14, செவ்வாய்

கேன்டீன் வேலை முடிந்து வந்ததும் நேரே ரோஸ்லியிடம் போனேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பழைய சைக்கிள்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் மலாய்க்காரர். இவருடைய கோப்பிக் கடைக் கூட்டாளி. விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார், யோசித்தார், திரும்பவும் துடைத்தார்.

"அபாங் லிங்கம் உங்கள நல்லா மாட்டி விட்டுட்டாரு அக்கா" என்றார் மலாயில். இவரை அவர் அபாங், அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். "இரட்டை சைக்கிள் நான் தேடித் தர்றேன். அதுக்கு முன்னால நீங்க ஒத்தை சைக்கிள்ல விழாம நிக்கணும்."

பெடல் இரண்டையும் கழற்றிவிட்டார். காலால் தரையைத் தள்ளித் தள்ளிப் போகச் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் பழக்குவார்களாம். புடவைக்கு விடுமுறை. தர்ஷிணி விட்டுப்போன பழைய கால்சட்டை.

மார்ச் 19, ஞாயிறு

இவர் கீழே இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து என்னை ஓட்டுகிறார். நான் சைக்கிளை ஓட்டுவதைவிட அவர் என்னை ஓட்டுவதுதான் அதிகம். "ஸ்டாப்பைத் தாண்டிட்ட." "பயணிங்க எல்லாம் இறங்கிட்டாங்க." எதிர் புளோக்குக்காரர்கள் சன்னலில்.

நன்றாகச் சிரிக்கட்டும். சிரித்துவிட்டுப் போய் மேசையில் படுக்கட்டும்.

ஏப்ரல் 2, ஞாயிறு

ஓடியது! கார் நிறுத்துமிடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, பெடல் மாட்டிய பிறகு, யாரும் பிடிக்காமல். ரோஸ்லி கை தட்டினார். இவர் தட்டவில்லை. முகத்தில் சிரிப்பு இல்லை. பயந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குதி.

ஏப்ரல் 6, வியாழன்

விழுந்தேன். வலது மணிக்கட்டு. எலும்பில் கீறல், மாவுக்கட்டு. சைக்கிள் இப்போதைக்கு இல்லை. கேன்டீனும் இல்லை.

இடது கையால் எழுதுவது கோழி கிளறியதுபோல் இருக்கிறது.

"பந்தயத்த விடுங்க, ஆப்பரேஷன் பண்ணிக்கங்க" என்று கேட்டேன். கெஞ்சியே கேட்டேன். "பந்தயம்னா பந்தயம். கை ஆறட்டும்" என்றார். கையெழுத்து அவர்தானே போட வேண்டும். நான் என்ன செய்ய?

ஏப்ரல் 14, வெள்ளி

புத்தாண்டு. ஒற்றைக் கையால் பாயசம். வருஷா வருஷம் தமிழ்ப் பேப்பரில் ராசிபலனை இவர்தான் சத்தமாகப் படிப்பார், எனக்கு மட்டும் இல்லாத கெட்ட பலனை எல்லாம் சேர்த்து. இன்று, "கண்ணு களைப்பா இருக்கு, நீயே படி" என்றார். படித்தேன். அவர் ராசிக்கு நல்ல பலன்.

ஏப்ரல் 22, சனி

ரோஸ்லி வீட்டில் ஹரிராயா, நோன்புப் பெருநாள். கெத்துப்பாட் சோற்றுக்கட்டி, ரெண்டாங் இறைச்சிக் கறி. இவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். படி இறங்கும்போது என் தோளைப் பிடிக்காமல் ரோஸ்லியின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. கேட்டதற்கு, "உன் கைதான் உடைஞ்சு கெடக்கே" என்றார். நியாயம்தான். ஆனாலும்.

மே 7, ஞாயிறு

கட்டுப் பிரித்தாகிவிட்டது. மறுபடி சைக்கிள்.

இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று? ஒரு மாதமாகச் சண்டை இல்லை. குழம்பில் குறை இல்லை. எந்தச் சட்டை என்று என்னைக் கேட்கிறார். டிவியைத் திறப்பதில்லை, ரேடியோதான். சாயங்காலம் நான் கோப்பி கொண்டுவந்து வைத்தால் என் கையைப் பிடித்து அதை வாங்கிக்கொள்கிறார். கல்யாணமான புதிதில்கூட இப்படிக் கையைப் பிடித்ததில்லை. பந்தயத்தில் தோற்கப் போவது தெரிந்து நல்ல பிள்ளையாகிவிட்டார் போலிருக்கிறது.

மே 28, ஞாயிறு

இரட்டை சைக்கிள் வந்தது. சிவப்பு. துரு. ரோஸ்லி அதைக் குளிப்பாட்டி எண்ணெய் விட்டு வைத்திருந்தார்.

ஒன்று எனக்குத் தெரியாது. இரண்டு ஜோடி பெடலும் ஒரே சங்கிலியில் கட்டுண்டவை. பின்னால் அவர் கால் நின்றால் முன்னால் என் கால் நின்றுபோகும். அவர் பயந்தால் என் பாதத்துக்குத் தெரியும். இன்று நூறடிக்கு ஒருமுறை கால் இறுகிப்போயிற்று. பஸ்காரர் இல்லையா, பிரேக்கைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

"முன்னால என்ன வருதுன்னு சொல்லிக்கிட்டே போ" என்றார். குழி, மேடு, நாய், ஆள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தொண்டை வறண்டுவிட்டது. பக்கத்து புளோக் அம்மா பார்த்துவிட்டு, "என்ன தவமணி, வீட்டுக்காரரப் பின்னால போட்டுட்ட?" என்றாள். "இத்தன வருஷம் அவ பின்னால இருந்தா, இப்ப என் முறை" என்றார் இவர்.

ஜூன் 11, ஞாயிறு

ரயில் பாதைக்கே போய்விட்டோம். பாதி தூரம். நல்ல மழை வந்து திரும்பினோம். அடுத்த வாரம் பாலம்.

ஜூன் 18, ஞாயிறு

பாலத்துக்குப் போனோம்.

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

காலையில் கிளம்பியபோதே அவர் கால் சரியாக விழுந்தது. ஒரு தயக்கம் இல்லை. நான் எதையும் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிக்கொண்டு வந்தார். "இந்தா, கடைங்க வரிசை வந்திருச்சு." "இப்ப இடது பக்கம் பெரிய ஆல், விழுது தொங்கும்." எல்லாம் சரி. பஸ் ஓட்டும்போது கண் எப்போதும் அடுத்த ஸ்டாப்பில் இருக்க வேண்டும் என்பார். அப்படியே இருந்தது. வலது கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, தப்பித்தோம், டாக்டரிடம் போய் நிற்கலாம் என்று எனக்குள் ஒரே சந்தோஷம். மூச்சு வாங்கியதால் நான் பேசவில்லை.

பாலத்துக்கு முன்னாலிருக்கும் புல்வெளியில் நிறுத்தினேன். ஜெயித்துவிட்டேன். பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். முகத்தை நிமிர்த்தினார்.

"மார்ச்சுல பார்த்த மாதிரியே இருக்கு தவம். கறுப்புக் கம்பி, நடுவுல வானம் கட்டம் கட்டமா. என்ன ஒரு அழகு."

பாலத்துக்குச் சாயம் அடிக்கிறார்கள். மேலிருந்து கீழ்வரை பச்சை வலையால் மூடிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு கம்பி தெரியவில்லை. வானமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலை ஆள், சத்தம், ஒன்றும் இல்லை. வெறும் பச்சை.

அவர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றேன். "ரொம்ப அழகா இருக்கு."

"மேல ஏறிப் போலாமா?"

"கால் வலிக்குது. திரும்பிடலாம்."

திரும்பும்போதும் அவரே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தார். நான் முன்னால் இருந்தேன். அழுததை அவர் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்.

ஜூன் 19, திங்கள்

ரோஸ்லிக்குத் தெரியும்.

கீழே போய் நின்று, "அவருக்குக் கண்ணு தெரியலதானே?" என்று கேட்டேன். ரோஸ்லி கையில் இருந்த சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார். அது தானாகச் சுற்றி நின்றது. ஏப்ரலில், என் கை மாவுக்கட்டில் இருந்தபோது, இவரை ரோஸ்லிதான் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். வலது கண்ணும் மூடிவிட்டது, இனி ஆப்பரேஷனால் பிரயோசனமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியுமாம்.

"அப்புறமும் எனக்கு சைக்கிள் கத்துக் கொடுத்தீங்களே?"

"அபாங் சத்தியம் வாங்கிட்டாரு அக்கா. தயவுசெஞ்சு அவளை நிறுத்தச் சொல்லாதேன்னாரு."

ஜூன் 20, செவ்வாய்

கேட்டுவிட்டேன். சாப்பாட்டு மேசையில், தட்டை எடுக்கும்போது.

"எப்பத் தெரிஞ்சுது?" என்றார்.

"பாலத்துல. வலை போட்டு மூடியிருக்காங்க. பச்சை வலை."

"ஓ." கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப நீ ஆமான்னியே."

"நீங்க மட்டும்?"

பிறகு அவராகவே சொன்னார். "புதுவருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் எழுந்தேன். இன்னும் விடியலன்னு நெனச்சுப் படுத்துக் கெடந்தேன். நீ அடுப்படியில கோப்பி கலக்குற சத்தம் கேட்டுச்சு. பள்ளிக்கூடப் பசங்க படியில இறங்கி ஓடுற சத்தம். அப்பத்தான் தெரிஞ்சுது, விடிஞ்சிருச்சுன்னு."

"சொல்றதுக்கென்ன?"

"உன் கையில கட்டு. அப்பப் போய்ச் சொன்னா, நான் விழுந்ததாலதான் உங்க கண்ணு போச்சுன்னு காலம் பூரா சொல்லிக்கிட்டே இருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?"

தெரியும். இதோ அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு மாசம் கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே. ஒரு பொம்பள சைக்கிள் ஓட்டிக் காட்டினாத்தான் கண்ணக் காப்பாத்துவேன்னு ஒருத்தர் சொன்னா, அதக் கேட்டுட்டுக் கால்சட்டையப் போட்டுக்கிட்டுக் கீழ எறங்குவாளா எவளாவது? கையப் புடிச்சு தரதரன்னு இழுத்துட்டுப் போயிருக்க வேண்டாமா? அந்த வெளையாட்ட நானும்தானே வெளையாடுனேன்? ஜெயிக்கணும்னு இருந்துச்சே எனக்கு. வெக்கமா இருக்கு.

எதிரில் உட்கார்ந்து இதையெல்லாம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் என் முகம் இருக்கும் திசைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்தயம் கட்டுனது நான்" என்றார். "பயமா இருந்துச்சு தவம். கத்தின்னா பயம். நீ சைக்கிள் ஓட்டவே மாட்டேன்னு நெனச்சுத்தான் கட்டுனேன். நீ அன்னிக்கு ஓட்டிட்ட. அப்புறம் விழுந்துட்ட. உனக்கு எலும்பு உடைஞ்சிருக்கு, எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதி. அதுக்குத் தண்டனைதான் இது."

எடுத்த தட்டுகளைக் கொண்டுபோய்க் கழுவினேன்.

ஜூன் 25, ஞாயிறு

எங்கும் போகவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

எங்கும் போகவில்லை. தர்ஷிணி வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள், என்னைத் திட்டினாள், பிறகு என்னையும் கட்டிக்கொண்டாள். வேறு டாக்டர், இரண்டாவது கருத்து என்று பேசினாள்.

ஜூலை 20, வியாழன்

வேறு டாக்டர். அதே பதில்தான். முன்பே ஆப்பரேஷன் செய்திருந்தால் பார்வை இருந்திருக்குமா என்று கேட்டேன். இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம் என்றார். நல்ல மனுஷன், என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். இவர் வெளியே வந்ததும், "கேட்டியா, இல்லாமலும் போயிருக்கலாம்" என்றார். அந்தப் பாதியை இவர் எடுத்துக்கொண்டார். மற்றப் பாதி எனக்கு.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இரட்டை சைக்கிளை ரோஸ்லியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இவரைக் கேட்காமல் கொடுத்தேன். அதில் ஏறினால் என் கால் மரத்துப்போகிறது. ரோஸ்லி அதைச் சுவரோரம் சாய்த்து வைத்து, மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார்.

இவரிடம் சொன்னபோது, "நல்லா ஓட்டுனே" என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 3, ஞாயிறு

வெள்ளைத் தடி. பழக்க ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள். லிஃப்ட், படி, கோப்பிக் கடை. இவர் தடியைப் பிடித்திருக்கும் விதம் கியரைப் பிடித்த மாதிரி இருக்கிறது என்றேன். முகம் மலர்ந்தது. பல வாரம் கழித்து ஒரு சிரிப்பு.

நான் கையைப் பிடித்தால் இப்போது உதறுகிறார். கோபத்தில் இல்லை. "நீ புடிச்சா நான் அடி எண்ணுறது தப்பிடுது" என்கிறார்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்த்துவிட்டேன். பேரப்பிள்ளைகள் தாத்தாவின் தடிக்குப் பொட்டு வைத்தார்கள். முறுக்கு கொஞ்சம் கரிந்துவிட்டது. இவர் மோந்தே கண்டுபிடித்தார், குறை சொன்னார். வீட்டில் குறை சொல்லும் சத்தம் திரும்பி வந்ததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேரப்பிள்ளைகளிடம் எண்ணெய்ப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

நவம்பர் 19, ஞாயிறு

ரயில் பாதையில் தனியாக நடக்க வேண்டுமாம். நேர் பாதை, கார் வராது, ஓரத்துப் புல்லைத் தடியால் தட்டிக்கொண்டே போகலாம், தடி பழக்கும் பெண்ணும் சரி என்றுவிட்டாளாம். "நீ பாதை ஆரம்பிக்கிற எடத்துல நில்லு. பின்னால வராத."

ஒரு வாரம் சண்டை போடலாம் என்றிருக்கிறேன்.

நவம்பர் 26, ஞாயிறு

சண்டையில் நான் தோற்றேன்.

பாதை தொடங்கும் இடம்வரை கூட்டிப்போனேன். "இங்கேயே உக்காந்திரு" என்றார். "சரி" என்றேன். அவர் பத்துப் பதினைந்து அடி போனதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சரளைக் கல் குத்தியது. புல் ஓரத்தில் இரவு பெய்த ஈரம். சத்தம் வராமல் வைக்க வேண்டும் என்பதால் மூச்சைக்கூட வாயைத் திறந்து விட்டேன்.

நன்றாகத்தான் நடந்தார். முதுகு நேராக, தலை கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்து. ஒருமுறை வழி தவறிப் புல்லுக்குள் இறங்கினார். என் கை தானாக நீண்டுவிட்டது. அவர் நின்றார், தடியால் தட்டிப் பார்த்தார், திரும்பவும் பாதைக்கு வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

எதிரே ஒரு சீன அம்மா பெரிய நாயைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாயின் மூச்சு கேட்டிருக்க வேண்டும். இவர் ஓரமாக நின்று அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னார், நன்றாக எனக்குக் கேட்கும்படி:

"கொஞ்சம் இறுக்கிப் புடிச்சுக்கங்கம்மா. பின்னால என் வீட்டுக்காரி வர்றா. நாய்னா அவளுக்குப் பயம். காலுல செருப்புகூட இருக்காது."

அந்த அம்மா என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள், நாயை மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டேன். அவர் திரும்பவில்லை, காத்திருக்கவும் இல்லை. நடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.